பங்குக் கிணற்றடியில் பழகிய கைகள்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதி வழியே போனால், கோப்பாய் கழிந்ததும் வாழைத்தோட்டங்கள் வீதியோரம் வரை வந்து நிற்கும். அதுதான் நீர்வேலி. செம்பாட்டு மண்ணில் முட்டுக்கொடுத்து நிற்கும் கதலிக் குலைகள். விடியும் முன்பே குலைகளைச் சருகு வைத்துக் கட்டிச் சந்தைக்கு ஏற்றும் அவசரம். இந்த ஊரில் பிறந்த பெண்ணொருவர் இன்று கனடாவின் ஸ்காபரோவில், மருத்துவமனை ஒன்றில் தாதியர் மேற்பார்வையாளர். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்தவரிடம், "உங்கட வேலையில ஊர் எங்க இருக்கு, அக்கா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் என்னை வீட்டுக்குப் பின்னால் உள்ள தோட்டக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்.

"அப்பா இந்தக் கிணத்துக்கு முறை பிரிச்ச மாதிரித்தான் தம்பி, நான் அங்க நைட் டியூட்டி பிரிக்கிறன். ஆருக்கும் அடுத்தடுத்து இரவு முறை விழக்கூடாதெண்டு அவர் கொப்பியில எழுதி வைச்சிருப்பார். நானும் அப்பிடித்தான். என்ர வார்டில முறைக்காகச் சண்டை வாறேல்ல."

அலுவலகத்தில் ஒருவருடைய மரபு என்ன வேலை செய்கிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குக் கிடைக்கவில்லை.

முறை என்னும் பாடம்

பங்குக் கிணறு தெரியாத தலைமுறை ஒன்று வந்துவிட்டது. ஒரு கிணற்றைச் சுற்றி நாலைந்து தோட்டத்தறை. ஒவ்வொரு தறைக்காரருக்கும் அந்தக் கிணற்றில் பங்கு. காணி உறுதியிலேயே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும். இன்று உமக்கு, நாளை எனக்கு என்று இறைப்பு முறை வரும். முறை தவறியவரின் பயிர் வாடும். முறை மீறினால் பக்கத்துக்காரரின் பயிர் வாடும்.

மிசின் வருமுன் இறைப்புக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். மூன்றாமவர் தோட்டத்துக்குள் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். மேலே நடப்பவரின் காலும் கீழே நிற்பவரின் கையும் ஒரே தாளத்தில் போகாவிட்டால் துலாவில் நிற்பவர் கிணற்றுக்குள்தான் விழவேண்டும். உயிரைக் கையில் வைத்துக்கொண்டு பழகிய கூட்டுவேலை அது. பள்ளிக்கூடம் போகுமுன் தண்ணீர் மாறிவிட்டுப் போன பிள்ளைகள்தான் பின்னாளில் எழுதுவினைஞராக, ஆசிரியராக, பொறியியலாளராக, கணக்காளராகப் போனார்கள். நேரத்துக்கு வருவதும், தன் பங்கை முடித்து அடுத்தவரிடம் ஒப்படைப்பதும் இவர்களுக்கு எந்த அலுவலகமும் கற்றுக்கொடுத்தவை அல்ல.

ஊரைப் பெயரிலேயே சுமந்து தொழில் செய்தவர்களும் இங்கே உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தமிழிலும் வடமொழியிலும் புலமை பெற்று விளங்கிய சங்கர பண்டிதரை நாம் இன்றும் நீர்வேலி சங்கர பண்டிதர் என்றுதான் சொல்கிறோம். முற்போக்குச் சிறுகதை எழுத்தாளர் பொன்னையன் கல்கத்தாவில் பட்டம் படித்துத் திரும்பியவர். கொழும்பில் நெடுங்காலம் வாழ்ந்தவர். ஆனாலும் 1961இல் வந்த 'மேடும் பள்ளமும்' தொடங்கி 2020இல் மறையும் வரை அவர் நீர்வை பொன்னையன். சில்லாலைக்காரர் சில்லையூர் செல்வராசன் ஆனதும் இந்த வழக்கத்தால்தான். தோட்டக்காரரையும் கூலியாளையும் கதைக்குள் கொண்டுவந்த பொன்னையனுக்கு அந்த 'நீர்வை' வெறும் முன்னொட்டாக இருந்திருக்க முடியாது.

கிணற்றடி எல்லாருக்கும் சமமாக இருக்கவில்லை, சாதியின் பெயரால் பலருக்கு அங்கே ஒரு குடம் தண்ணீரும் மறுக்கப்பட்டது என்பார்கள். உண்மைதான்; அந்த மறுப்பை மரபென்று எவரும் காவத் தேவையில்லை. காவவேண்டியது முறையை.

தை மாதமும் அலுவலகமும்

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கடல் கடந்தவர்களின் பிள்ளைகள் இன்று மேற்குலகின் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் கணினி நிறுவனங்களிலும் பொறுப்பான கதிரைகளில் இருக்கிறார்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2014இல் சட்டம் இயற்றி ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் ஆக்கியது. 2016 ஒக்ரோபர் 5ஆம் திகதி கனடா நாடாளுமன்றமும் அதை ஏற்றது. தைப்பொங்கல் வரும் மாதம் என்பதால் ஜனவரி.

இப்படி ஒரு மாதம் எம்மவருக்கு மட்டும் கிடைத்ததல்ல. அமெரிக்காவில் ஸ்பானிய மொழி மரபில் வந்த மக்களுக்கு 1968இல் ஒரு வாரம் கிடைத்தது. 1988இல் அது ஒரு மாதமானது. குவாத்தமாலா, ஹொண்டுராஸ், எல் சல்வடோர், நிக்கராகுவா, கொஸ்தாரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் சுதந்திர நாளான செப்ரெம்பர் 15இல் அந்த மாதம் தொடங்குகிறது. அந்த மக்கள் கொண்டாட்டத்தோடு நிற்கவில்லை. வேலைத்தலங்களுக்குள் ஊழியர் குழுக்கள் அமைத்தார்கள். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைக்கு மூத்தவர் ஒருவர் துணை நிற்கிறார், நேர்முகத்தேர்வுக்குத் தயார்ப்படுத்துகிறார்.

எங்கள் அலுவலகப் பொங்கல்களில் வேட்டி உண்டு, கோலம் உண்டு, பரதநாட்டியம் உண்டு. எல்லாம் அழகு. ஆனால் பங்குக் கிணறு அங்கே இல்லை. நேற்று வந்து சேர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு இன்று உன் முறை என்று சொல்லி இடம்விடும் மூத்தவரைத்தான் நான் தேடுகிறேன். ஸ்காபரோ அக்கா அதைச் செய்கிறார். தமிழருக்கு மட்டும் என்றில்லை. பிலிப்பைன்ஸ் பிள்ளைக்கும் சோமாலியப் பிள்ளைக்கும் முதல் ஆறு மாதம் பக்கத்தில் நிற்கிறார். "தண்ணி மாறப் பழக்கின மாதிரித்தான்" என்கிறார்.

கிணற்றுக்கு என்ன நடக்கிறது?

அக்கா கூட்டிப்போன கிணற்றடியில் இருந்து என் மனம் இன்னும் திரும்பவில்லை. அந்தக் கிணற்றில் இன்று முறை இல்லை. பங்காளிகள் அரைவாசிப்பேர் வெளிநாட்டில். உறுதிகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அலுமாரிக்குள் இருக்கின்றன. கட்டு இடிந்தால் திருத்த ஆரைக் கேட்பது? சேறு எடுக்க ஆர் காசு தருவது? பொறுத்துப் பார்த்த பக்கத்துத் தறைக்காரர் தனக்கென்று ஒரு குழாய்க் கிணறு அடித்து மோட்டர் பூட்டிவிட்டார். இப்போது ஆரும் ஆரையும் கேட்காமல், வேண்டிய நேரம் வேண்டிய அளவு இறைக்கலாம்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. யாழ். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மாரி மழைதான் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேலே நன்னீராக மிதக்கிறது. பக்கத்தில் நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவருக்கு இது தெரியும்: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. அளவுக்கு மீறி இறைத்தால் கீழே கிடக்கும் உவர் மேலே ஏறும். துலாவுக்கும் முறைக்கும் ஓர் எல்லை இருந்தது. மனிதனின் கால் களைத்தால் இறைப்பு நிற்கும். மோட்டர் களைப்பதில்லை.

இன்னொன்று யூரியா. பயிர் எடுத்தது போக மிஞ்சியது இந்த ஓட்டைக் கல்லின் வழியே நேரே கிணற்றுக்குள் இறங்குகிறது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தையின் குருதியில் ஒட்சிசன் சுமக்கும் திறன் குறையலாம்.

மதிலுக்கும் கோயில் வளைவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் வெளிநாட்டிலிருந்து காசு வருகிறது. அனுப்புகிறவர்களின் மனசு பெரிது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உங்களை நேரந்தவறாத ஊழியராகவும் நியாயமான மேலாளராகவும் ஆக்கியது அந்த மதில் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கவனிப்பாரற்றுக் கிடக்கும் கிணறு.

நீர்வேலியைப் பெயரிலோ நெஞ்சிலோ காவித்திரிகிற பிள்ளைகளிடம் கேட்பது இரண்டு காரியம். உங்கள் பங்குக் கிணற்றைப் பார்க்க, ஊரில் இருக்கும் பங்காளி ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுங்கள். அடுத்த முறை வரும்போது அந்தக் கிணற்றில் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துச் சோதனைக்குக் கொடுத்து, வரும் முடிவை எல்லாப் பங்காளிகளுக்கும் அனுப்பிவையுங்கள்.