மூக்குக்கண்ணாடி வாங்குவோர் கவனத்திற்கு

டாக்குரியாவுக்கு அடுத்த ஸ்டேஷன் யாதவ்பூர். அங்கு 1950இல் திறக்கப்பட்ட மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம், லென்சுக்குரிய கண்ணாடியை உள்நாட்டிலேயே உருவாக்கிய இடம். லென்ஸ் தரமாயிருந்தும் ஆர்டர் பிசகினால் பயனில்லை.

இன்று லென்ஸ் கூடங்களில் கம்ப்யூட்டரே விலை போடுகிறது. லென்ஸ் வகை, பவர், மேல்பூச்சு, பொருத்துகூலி ஒவ்வொன்றுக்கும் தொகையை முன்பே பதிந்துவைக்க வேண்டும். பவர் சோதித்ததாகப் பதியாமல் டெலிவரி சீட்டு வராதபடியும் அமைக்கலாம். ஆனால் சோதிக்காமலே 'ஆயிற்று' என்று ஒருவர் தட்டிவிட்டால், இயந்திரம் அதற்கும் தலையாட்டும்!

ப்ளஸ், மைனஸ் மாறியிருந்தால் வாங்குபவரே கண்டுபிடிக்கலாம். கண்ணாடியைக் கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, எதிர்ச்சுவர் காலண்டரைப் பார்த்தபடி மெல்ல அசைக்க வேண்டும். காலண்டர் கூடவே நகர்ந்தால் மைனஸ். எதிர்ப்பக்கம் நகர்ந்தால் ப்ளஸ். டாக்டர் சீட்டுக்கு மாறாயிருந்தால், பாக்கித் தொகையை எண்ணிக் கொடுக்குமுன் சொல்லிவிட வேண்டும்.