வாடகைக்கு விட்ட கணக்கு

இணைய மோசடி என்றதும் எங்கோ தூர தேசத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் கைதேர்ந்த திருடன்தான் நம் நினைவுக்கு வருகிறான். ஆனால் ‘டிஜிட்டல் கைது’ என்று வீடியோ காலில் மிரட்டிப் பறிக்கிற பணம் நேராக அவன் கைக்குப் போவதில்லை. அது முதலில் வந்து விழுவது நம்மூர்க் கல்லூரி மாணவனோ வேலை தேடும் பட்டதாரியோ வைத்திருக்கும் சேமிப்புக் கணக்கில். கமிஷனுக்கு ஆசைப்பட்டுப் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, பின் நம்பர், கணக்கோடு இணைந்த சிம் என எல்லாவற்றையும் அவர் தூக்கிக் கொடுத்திருப்பார். வந்த பணம் சில நிமிடங்களிலேயே பல கணக்குகளுக்குச் சிதறும். கொஞ்சம் ஏடிஎம்மில் நோட்டாகும், கொஞ்சம் கிரிப்டோவாகும். இப்படி வாடகைக்குப் போகும் கணக்குக்கு வங்கிகளில் ‘மியூல் அக்கவுண்ட்’ என்று பெயர். இவற்றைக் கண்டுபிடிப்பதற்கென்றே ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் ‘மியூல்ஹன்டர்’ என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்கியிருக்கிறது.

‘நான் யாரையும் ஏமாற்றவில்லையே, கணக்கைத்தானே கொடுத்தேன்’ என்பது இங்கே எடுபடாத வாதம். இந்தத் தொழிலின் சாமர்த்தியமே வேலையைக் கூறுபோட்டுக் கொடுப்பதில்தான் இருக்கிறது. ஒருவர் சிம் வாங்குகிறார், ஒருவர் போனில் மிரட்டுகிறார், ஒருவர் ஏடிஎம்முக்குப் போகிறார். அவரவர் பங்கு அவரவருக்குச் சின்னதாகத் தெரிகிறது. பறிகொடுத்தவருக்கோ ஆயுள் சேமிப்பே போயிருக்கும். மிரட்டுபவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், பணம் போய்ச் சேர ஒரு கணக்கு இல்லையென்றால் அவனால் ஒரு பைசா எடுக்க முடியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு, ஏமாற்றிப் பெற்ற பொருளையும் திருட்டுப் பொருள் என்றே சொல்கிறது. அப்படிப்பட்டது என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையின்றி அதை வாங்கினால் மூன்றாண்டுவரை சிறை.

‘வறுமை, விவரம் தெரியாத வயது, பாவம்’ என்பார்கள். பகுதிநேர வேலை என்று நம்பி உண்மையிலேயே ஏமாந்தவர்களும் உண்டு. அவர்களைக் குற்றவாளிகளோடு சேர்க்கக் கூடாது. ஆனால் நேர்மையான வியாபாரம் செய்பவனுக்கு இன்னொருவரின் சிம்மும் பின் நம்பரும் எதற்கு என்ற கேள்வி எழப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கேள்வி எழுந்தும் கேட்காமல் விடுவதற்கான கூலியே அந்தக் கமிஷன். வேலை என்று நம்பிக் கம்போடியா, மியான்மருக்குப் போய், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, அடி உதைக்குப் பயந்து மோசடி அழைப்புகளைச் செய்தவர்களில் தமிழக இளைஞர்களும் இருந்தார்கள். அவர்கள் நிர்ப்பந்தத்தைச் சொல்லலாம். வீட்டில் இருந்தபடி கணக்கை வாடகைக்கு விட்டவர் எதைச் சொல்வார்?

பணத்தை இழந்தவர்கள் பேராசையால்தானே ஏமாந்தார்கள், வங்கி ஏன் கவனிக்கவில்லை என்றும் கேட்கலாம். வங்கியின் மெத்தனத்தைத் தனியே கேட்க வேண்டியதுதான். ஆனால் பூட்டாத வீட்டில் எடுத்தாலும் திருட்டுதான். கணக்கைக் கொடுத்துவிட்டு இப்போது உறுத்துகிறதா? இன்றே வங்கிக்குப் போய் அதை முடக்கச் சொல்லுங்கள், போலீஸிடமும் உண்மையைச் சொல்லுங்கள். பணத்தை இழந்தவர் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன்பே அதை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.