கோடிக்கரைக் காடும் சீமைக்கருவேலும்

நாகப்பட்டினம் ஜில்லாவில் வேதாரணியத்துக்குத் தெற்கே, வங்காள விரிகுடாவும் பாக் ஜலசந்தியும் சந்திக்கும் நிலமுனையே கோடிக்கரை. அங்குள்ள வனம் 1967-ம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்டது. வெளிமான்களுக்கும் வலசை வரும் பறவைகளுக்கும் அது பெயர்பெற்றது. மலையோ பெருநதியோ இல்லாத இம்மணற்பூமியில் பலவகைத் தாவரங்கள் அருகருகே வளர்வதன் காரணத்தைக் கிராமவாசிகள் அறிவது நலம்.

சில அடி மேடுபள்ளமே இதற்கு முக்கிய காரணம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழைநீர் மணல்மேடுகளுக்குள் இறங்குகிறது. நல்ல நீர் உப்புநீரைவிட இலேசானது; ஆகையால் அடியிலுள்ள உப்புநீரின்மேல் அது தங்கி நிற்கிறது. மேட்டிலுள்ள மரங்களுக்கு அந்நீர் கிட்டும். பள்ளத்துச் செடிகளோ உப்பைத் தாங்கியே பிழைக்கவேண்டும்.

இதனால் மேடுகளில் உலக்கைப்பாலை, நாவல், காசா முதலியன அடர்ந்து, கோடையிலும் பசுமை மாறாதிருக்கின்றன. இடையிடையே சங்கஞ்செடியும் பிரண்டையும் மண்டிய புதர்களும், வெளிமான்கள் மேயும் புல்வெளிகளும் உண்டு. கடலோர மணலை அடம்பும் இராவணன்மீசையும் பறக்கவிடாமல் பிடித்து நிறுத்துகின்றன. உவர்ச்சேற்றில் உமரி வளர்கிறது. மேற்கே முத்துப்பேட்டைக் கழிமுகத்தில் கண்டல் மரங்கள் சேற்றுக்கு மேலே வேர்களை நீட்டிச் சுவாசிக்கின்றன. கோடிக்கரையும் இக்கழிமுகமும் சேர்ந்த ஈரநிலம் 2002-ல் ராம்சார் உடன்படிக்கையின் ஜாபிதாவில் சேர்க்கப்பட்டது.

இவ்வனத்துக்குப் பெருந்தீங்கு செய்வது சீமைக்கருவேல். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொணரப்பட்ட இம்மரம் விறகுக்கும் கரிக்கும் உதவுவது மெய்யே. ஆயினும் அதன் இனிப்பான காய்களைக் கால்நடைகளும் மான்களும் விரும்பித் தின்கின்றன. விதைகள் ஜீரணமாகாமல் சாணத்தோடு விழுந்து, போகுமிடமெல்லாம் முளைக்கின்றன. புல்வெளி முட்காடாக மாறினால் வெளிமானுக்கு இரையும் குறையும். எதிரியைத் தூரத்தில் கண்டு ஓடித் தப்பவும் இடமிராது. மேலும் 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ம் தேதி வீசிய கஜா புயலில் இக்காட்டின் மரங்கள் மிகுந்த சேதமடைந்தன. பாலை மெதுவாக வளரும் மரம். சீமைக்கருவேலோ விரைவில் ஓங்கும். விழுந்த மரத்தின் இடத்தை எது முந்திப் பிடிக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சரணாலயத்துக்குள் இதனை அகற்றுவது வன இலாகாவின் வேலை. சுற்றிலுமுள்ள தரிசிலும் புறம்போக்கிலும் உள்ளதைக் கவனிப்பது கிராமத்தாரின் பொறுப்பு. அடிமரத்தை மட்டும் வெட்டினால் அது மறுபடியும் தழைக்கும். ஆகவே காய் பழுக்குமுன் வேரோடு தோண்டவேண்டும். மழைக்குப்பின் தலைகாட்டும் கன்றுகளை இளமையிலேயே பிடுங்கி, அவ்விடத்தில் நாவல், புங்கு முதலிய நாட்டு மரங்களை வைக்கவேண்டும்.

ஒருவர் தம் நிலத்தைச் சுத்தம் செய்து, அடுத்தவர் சும்மாயிருந்தால், மாடுகள் மறு பருவத்திலேயே விதையைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். ஊரார் யாவரும் ஒரே பருவத்தில் கூடிச் செய்தாலன்றி இவ்வேலை பயன் தராது. கூடி உழைக்கும் வழக்கமுள்ள கூட்டுறவுச் சங்கத்தாரே இதனை முன்னின்று தொடங்கத் தக்கவர்கள்.