இராயப்பன்பட்டி: ஆலயமும் பள்ளியும்

மேகமலை அடிவாரத்தில், சண்முகாநதி அணைக்கு அருகே அமைந்த இராயப்பன்பட்டியில், திருச்சபை ஆகஸ்டு 5ஆம் நாள் நினைவுகூரும் பனிமய மாதாவின் ஆலயத்தை அண்டியே கத்தோலிக்கப் பள்ளிகளும் வளர்ந்தன. 1953இல் உயர்மறைமாவட்டமான மதுரையின் ஆளுகைக்குட்பட்ட இவ்வூர் ஒரு பங்கு, அதாவது பங்குத்தந்தை ஒருவரின் பொறுப்பில் வாழும் விசுவாசிகளின் சமூகம் ஆகும்.

கத்தோலிக்கக் குழந்தைகள் ஞானோபதேசம் எனப்படும் மறைக்கல்வி பயிலும் வேளையில் பிற சமயக் குழந்தைகளுக்கு நன்னெறி வகுப்பு நடத்துவது தமிழகக் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகளில் வேரூன்றிய, போற்றத்தக்க வழக்கம். அரசு நிதியுதவி பெறும் பள்ளியில் பெற்றோரின் ஒப்புதலின்றி எந்தக் குழந்தையையும் சமயப் போதனைக்கு உட்படுத்தலாகாது என்னும் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவுக்கும் அது இசைந்ததே. முல்லைப் பெரியாற்றுப் பாசன வயல்களிலும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சைத் தோட்டங்களிலும் உழைப்போரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவையும் சத்துணவையும் ஒருங்கே வழங்குபவை இத்தகைய ஊர்ப்புறப் பள்ளிகளே.