உங்களுக்குத் தெரியுமா? ஹெல்மெட்டுக்குக் கீழே இரண்டு விரல் இடம்

2014 நவம்பர் 25 அன்று சிட்னி மைதானத்தில் ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் பிலிப் ஹியூஸ் ஹெல்மெட் அணிந்துதான் ஆடினார். பவுன்சர் பட்டதோ அதன் விளிம்புக்குக் கீழே, கழுத்தில். மூளைக்கு ஏறும் தமனி கிழிந்து, மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்தது. இரண்டு நாளில் உயிர் போனது. அதன்பிறகு ஹெல்மெட்டின் பின்புறம் மாட்டும் கழுத்துக் காப்பு பரவலானது. 'மூச்சு முட்டுகிறது, தலை திருப்ப முடியவில்லை' என்று ஆட்டக்காரர்கள் முனகினார்கள். முனகலில் நியாயம் உண்டு. ஹியூஸ் பட்ட அடியை அந்தக் காப்பு தடுத்திருக்கும் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அசௌகரியம் பழகிவிடும், கிழிந்த தமனி பழகாது. விருப்பத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்பதை 2019-இல் லார்ட்ஸில் பார்த்தோம்: இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பந்து ஆஸ்திரேலிய வீரர் ஸ்மித்தின் கழுத்தைத் தாக்கியபோது அங்கே காப்பு இல்லை. வேகப்பந்தை எதிர்கொள்வோருக்கு ஆஸ்திரேலியா அதைக் கட்டாயமாக்கியது 2023 அக்டோபரில்தான்.