மாநகரச் சாலையில் மிதிவண்டி: அச்சம் தெளியும் முறை

மிதிவண்டி ஓட்டத் தெரிவது வேறு. மாநகரச் சாலையில் மிதிவண்டி ஓட்டத் தெரிவது வேறு. சிற்றூரில் குரங்குப் பெடல் போட்டுப் பழகி, கண்மாய்க் கரையில் இரு கைகளையும் விட்டு ஓட்டிய இளைஞர்கூட, கல்லூரிக் கல்விக்காகச் சென்னைக்கு வந்து, தியாகராய நகர் உஸ்மான் சாலை முனையில் வண்டியோடு நிற்கும்போது திகைத்துப் போகிறார். பக்கத்தில் பேருந்து உறுமுகிறது. பின்னால் ஒலிப்பான் அலறுகிறது. முன்னால் சென்ற ஆட்டோ திடுமென நிற்கிறது. வண்டியைச் சாயாமல் நிறுத்தும் வித்தை அவருக்கு மறந்துவிடவில்லை. இவற்றுக்கிடையே தமக்கும் ஓர் இடம் உண்டு என்னும் எண்ணமே அவரிடம் இல்லை. அவ்வெண்ணம் எவ்வாறு உண்டாகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மிதிவண்டிக்கு ஓட்டுநர் உரிமம் வேண்டியதில்லை. எளியோர்க்கு அது பெரும் வசதி. ஆயினும் அதிலேயே ஒரு குறையும் அடங்கியுள்ளது. கார் கற்பவர்க்குப் பயிற்சிப் பள்ளி உண்டு. அருகில் அமர்ந்து திருத்தும் ஆசிரியர் உண்டு. ‘இவர் கற்பவர், சற்றுப் பொறுங்கள்’ என ஊருக்கு அறிவிக்கும் ‘எல்’ பலகையும் உண்டு. மிதிவண்டியோடு முதன்முதலாகச் சாலைக்கு வருபவர்க்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. இருக்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்த அண்ணன் கையை விட்ட அன்றே கல்வி முடிந்துவிட்டதாகக் கொள்கிறோம். தமிழக அரசு 2001-02 இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கி, பின்னர்ப் பிறர்க்கும் விரித்த விலையில்லா மிதிவண்டித் திட்டத்தால் வண்டி வீடு தேடி வந்தது. சாலைக் கல்வி உடன் வரவில்லை. மாடிப்படியின் கீழ்த் துருவேறிக் கிடக்கும் வண்டிகள் பல, ஓட்டத் தெரியாமையால் கிடப்பன அல்ல, அஞ்சி விடப்பட்டவை.

இவ்வச்சத்தைத் தனியொருவரின் கோழைத்தனம் எனக் கருதாமல், ஊர் கூடித் தீர்த்த வரலாறு தமிழகத்திலேயே உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991 இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் முயற்சியால், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டது. 1992 ஆம் ஆண்டு மகளிர் நாளன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்தவாறு புதுக்கோட்டை நகரை வலம் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். கல் உடைக்கும் தொழிலாளர், கிராமச் செவிலியர், ஆசிரியைகள் எனப் பலரும் கற்றனர். முஸ்லிம் குடும்பத்து இளம்பெண்களும் கற்றனர். மகளிர்க்கான வண்டிகள் போதாமல் போனபோது ஆண்கள் வண்டியையே வாங்கினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவரும் உண்டு.

அங்கே அச்சம் தெளிந்தது எதனால்? நேற்றுக் கற்றவர் இன்று கற்பித்தார் என்பது ஒன்று. எவரும் தனியே சாலைக்குச் செல்லவில்லை என்பது மற்றொன்று. தனியே செல்பவரை ஏளனம் செய்யும் தெரு, நூறு பேர் சேர்ந்து செல்லும்போது வழிவிட்டு நிற்கிறது. புதுக்கோட்டைச் சாலையையும் சென்னைச் சாலையையும் ஒப்பிடலாமா எனச் சிலர் வினவலாம். நெரிசலில் ஒப்புமை இல்லைதான். அச்சத்தின் இயல்பில் உண்டு.

அமெரிக்க மகளிர் இயக்கத் தலைவர் பிரான்சிஸ் வில்லர்டு தம் 53 ஆம் வயதில் மிதிவண்டி கற்று, அவ்வனுபவத்தை 1895 இல் நூலாக வெளியிட்டார். நாள்தோறும் ஏறத்தாழ 15 நிமிடம். மொத்தம் மூன்று மாதம். முதலில் மிதித்தல், பின்பு திருப்புதல், பின்பு இறங்குதல், இறுதியில் ஏறுதல் என்பது அவர் கற்ற வரிசை. ஏறக் கற்பதற்கு முன் இறங்கக் கற்றார் என்பது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. நெரிசலில் நம்பிக்கை தருவது வேகம் அன்று. வேண்டிய கணத்தில் நின்று காலூன்ற முடியும் என்னும் உறுதியே ஆகும்.

இங்கு நம் கல்லூரி விளையாட்டு விழாக்களில் நடைபெறும் ‘மெதுவாக மிதிவண்டி ஓட்டும் போட்டி’யை நினைவுகூர்தல் பொருந்தும். அது பார்வையாளர் சிரிப்பதற்காக வைக்கப்பட்டது எனப் பலர் எண்ணுவர். மாநகரச் சாலைக்கு அதனினும் சிறந்த பயிற்சி இல்லை என்பது என் கருத்து. ஓரளவு வேகத்தில் செல்லும் வண்டி தானாகவே நிமிர்ந்து செல்லும் இயல்புடையது. வேகம் குறையக் குறைய, கைப்பிடியை நொடிதோறும் சற்றே திருத்திக்கொண்டிருந்தால்தான் நிற்கும். நெரிசலில் நாம் ஊர்ந்தே செல்ல வேண்டியிருப்பதால், புதியவர் தடுமாறுவது அங்கேதான். மெதுவாக நேர்கோட்டில் ஓட்டுதல், கோடு விலகாமல் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தல், ஒரு கையை நீட்டிச் சைகை காட்டுதல் ஆகிய மூன்றும் கைவரும்வரை பெருஞ்சாலைக்குச் செல்லாதிருத்தல் நலம்.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என வள்ளுவர் அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் வைத்தது அரசர்க்காக. மிதிவண்டிக்காரர்க்கும் அவ்வரிசையே பொருந்துகிறது. வலி மேலே கூறப்பட்டது. காலம், விடியற்காலை, அதிலும் ஞாயிறு. இடம், முதலில் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய அவென்யூக்கள், அடையாறு காந்தி நகர், கஸ்தூர்பா நகர் உட்தெருக்கள். அடுத்து மயிலாப்பூர் மாட வீதிகள். அங்கே பூக்காரர், பசு, நடப்போர், ஆட்டோ என அனைவரும் மெல்லவே நகர்வதால், பிறரைக் கவனிக்கும் பழக்கம் அச்சமின்றி அமையும். பின்னர் மந்தைவெளி வழியே திரு.வி.க. பாலம் கடந்து அடையாறு வரை. சர்தார் பட்டேல் சாலையும் பனகல் பூங்காவைச் சுற்றிய பகுதியும் கடைசியாக இருக்கட்டும். ஒரே வழியில் பத்து நாள் சென்றால், எந்த வளைவில் மணல், எந்த நிறுத்தத்தில் கூட்டம் என்பதெல்லாம் மனப்பாடம் ஆகும். 2014 இல் சென்னை மாநகராட்சி இயந்திரமில்லாப் போக்குவரத்துக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. எனினும் மிதிவண்டிக்கெனத் தொடர்ச்சியான தனித்தடம் இப்பகுதிகளில் அமையவில்லை. ஆகவே இருக்கும் சாலையிலேயே நம் இடத்தை அறிந்துகொள்ள வேண்டும்.

அவ்விடம் எது? புதியவர் பெரும்பாலும் சாலையின் இடது விளிம்போடு ஒட்டிச் செல்கிறார். பணிவு காரணமாகச் செய்யும் அச்செயலே ஆபத்தை அழைக்கிறது. விளிம்பில் மணலும் மழைநீர் வடிகால் மூடிகளும் உள்ளன; நிறுத்தியிருக்கும் காரின் கதவு எக்கணமும் திறக்கலாம். விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டு, வளையாமல் சென்றால், பின்னால் வருபவர்க்கு நாம் தெளிவாகத் தெரிகிறோம். ஒடுங்கிச் செல்பவரை உரசிக்கொண்டு போவோர், இடங்கொண்டு செல்பவரைச் சுற்றிக்கொண்டு போவர்.

ஒலிப்பானைப் பற்றி ஒரு சொல். சென்னையில் அது பெரும்பாலும் சினத்தின் குரல் அன்று. ‘வருகிறேன்’ என்னும் அறிவிப்பே. அதைக் கேட்டதும் திடுக்கிட்டு இடப்புறம் ஒடிப்பதுதான் தீங்கு. ஒலி கேட்டால் கோட்டை மாற்றாதிருத்தல் என்னும் ஒரு பழக்கமே பாதி அச்சத்தைப் போக்கிவிடும்.

பேருந்தும் நடைபாதையும் கூடுமிடத்தில் நுழைதல் எக்காரணத்தாலும் கூடாது. பேருந்து நிறுத்தத்தை நோக்கி ஒதுங்கும்போது அதன் பின்னால் நின்றுவிட வேண்டும். ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் அவர் முகம் நமக்குத் தெரியவில்லையாயின், நாமும் அவர்க்குத் தெரியவில்லை என்றே கொள்க. லஸ் போன்ற பெரிய சந்திப்புகளில் வலப்புறம் திரும்ப வேண்டுமாயின், இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்போருடன் கடக்கலாம்; அதில் இழுக்கு ஏதுமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய நீர் பள்ளத்தை மறைக்கும். நனைந்த சக்கர வளையத்தில் பிரேக் தாமதித்தே பிடிக்கும். அந்நாள்களில் புதியவர் பேருந்தை நாடுவதே அறிவுடைமை. தலைக்கவசமும் இரவில் பின்விளக்கும் எந்நாளும் வேண்டும்.

பிள்ளைகளைச் சாலைக்கு விட அஞ்சும் பெற்றோரின் அச்சம் வீண் என்று கூற மாட்டேன். சென்னைச் சாலை உண்மையிலேயே கடியது. ஆனால் மகனுக்கு இசையும் வீடு மகளுக்கு மறுக்கும்போது, அம்மறுப்புக்குச் சாலை காரணம் அன்று. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. எனவே பணத்தைக் காட்டி மிதிவண்டிக்கு வாதாட வேண்டியதில்லை. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமும், நினைத்தபோது நூலகம் சென்று மீளும் உரிமையுமே அவளுக்குப் பொருட்டு. பெரியோர் செய்யத்தக்கது தடுப்பது அன்று, உடன் செல்வது. முதல் வாரம் புதியவர் முன்னால் செல்லட்டும். பழகியவர் இரண்டு வண்டி நீளம் பின்னால், பக்கவாட்டில் அன்றி ஒரே வரிசையில் வரட்டும். முன்னவரின் வேகமே இருவர்க்கும் வேகம். பேச வேண்டியதைச் சாலையில் பேசாமல், அடுத்த தேநீர்க் கடையில் நிறுத்திப் பேசிக்கொள்ளலாம்.