கொழும்பை நோக்கிய திடல்

கொழும்பில் இருப்பது காலிமுகத்திடல்; புத்தளத்தில் இருப்பது கொழும்பு முகத்திடல். தலைநகரின் திடல், ஒல்லாந்தர் தம் கோட்டைப் பீரங்கிகளுக்கு எதிரே மறைப்பின்றி விட்டிருந்த வெளியாகத் தொடங்கி, 1859இல் ஆளுநர் ஹென்றி வார்டின் முயற்சியால் மக்கள் உலாவும் இடமாயிற்று. புத்தளத்துத் திடலை நாடெங்கும் அறியவைத்ததோ கொழும்பின் குப்பை.

வெளியிலிருந்து வருவோரைப் புத்தளம் நெடுங்காலமாகவே அறியும். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா 'பத்தாலா' என்று குறித்த ஊர் இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. மரச்சுவரும் மரக்காவற்கோபுரங்களும் சூழ்ந்த ஆரியச் சக்கரவர்த்தியின் அவ்வூர்க் கரையில், ஆற்றுவெள்ளம் அடித்துவந்த கறுவாமரங்கள் குன்றுகளாய்க் குவிந்து கிடந்ததையும், மலபார், மஃபர் (சோழமண்டலம்) கரைகளிலிருந்து வந்தோர் அவற்றை விலையின்றி எடுத்துக்கொண்டு மன்னனுக்குத் துணி முதலியவற்றைக் காணிக்கையாக அளித்ததையும் அவர் எழுதிவைத்தார். ஊர்ப்பெயரே 'உப்புத்தளம்' என்பதன் திரிபு என்பர். களப்பு நீரைப் பாத்தி பாத்தியாகக் கடத்தி வெயிலில் வற்றவிட, முதலில் சுண்ணாம்பு உப்புகள் படிய, அவற்றின் பின்னரே கறியுப்பு விளைகிறது. அதை வாரி மேடாகக் குவிக்கும் தொழில் இன்றும் நடைபெறுகிறது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் தஞ்சம் புகுந்ததும் புத்தளம் மாவட்டத்திலேயே.

ஆட்களை ஏற்ற ஊர் குப்பையை ஏற்க மறுத்தது. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபின், தலைநகரின் கழிவை ஏறக்குறைய 170 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அருவக்காட்டில், சிமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த குழிகளில் கொட்டும் திட்டம் வேகம் பெற்றது. சிமெந்துத் தூசியையும், 900 மெகாவாற்று நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலையும் முன்பே சுமந்த மாவட்டத்துக்கு இது மூன்றாவது சுமை. 2018 செப்டம்பர் இறுதியில் கொழும்பு முகத்திடலில் தொடங்கிய சத்தியாக்கிரகம், அதாவது வன்முறையின்றி அமர்ந்து எதிர்க்கும் அறப்போர், நூறு நாள்களைக் கடந்தும் தொடர்ந்தது. 2022இல் காலிமுகத்திடலில் எழுந்த 'அறகலய' என்னும் மக்கள் போராட்டத்தை வியந்து எழுதியோர், மூன்றரை ஆண்டு முன்னரே புத்தளத்தில் நடந்த இந்த அறப்போரைப் பெரும்பாலும் நினைவுகூரவில்லை.

2019 ஆகஸ்டில் கொழும்பின் குப்பை லொறிகள் அருவக்காட்டுக்கு வரத் தொடங்கின.